பாங்காக்கில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர்

புதன், ஆகஸ்ட் 6, 2025

ஹாரன் சத்தம் இல்லை. டான் முவாங் விமான நிலைய வாசலில் நின்று சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சித்தப்பா சொன்ன முதல் விஷயம் இதுதான். "இத்தனை வண்டி நிக்குது, ஒருத்தனும் அடிக்க மாட்டேங்கிறானே தம்பி. எல்லாருக்குமா ஹாரன் ரிப்பேரு?"

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர், திருச்சி, அறந்தாங்கி ரூட்டெல்லாம் அத்துப்படி. தமிழ்நாட்டைத் தாண்டிப் போனது சபரிமலைக்கும் திருப்பதிக்கும்தான். சித்தியையும் கூப்பிட்டோம். போன மாதக் கடைசியில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லையில் சண்டை நடந்ததை டிவியில் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு உசுரோட வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டார். சண்டை நின்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எல்லையும் பாங்காக்கிலிருந்து பல மணி நேரப் பயணத் தூரம். இங்கே அதன் சுவடே தெரியவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு தகவல். இந்தியர்களுக்கு இப்போது (2025 ஆகஸ்ட்) விசா வேண்டாம். ஆனால் மே மாதத்திலிருந்து வருகை அட்டையைக் கிளம்புவதற்கு முன் இணையத்திலேயே நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். இன்னொன்று, பாங்காக்கிற்கு இரண்டு விமான நிலையங்கள். பெரியது சுவர்ணபூமி. மலிவு விலை விமானங்கள் பெரும்பாலும் இறங்குவது டான் முவாங். 1914-லிருந்து இயங்குகிற பழைய நிலையம். இதில் இறங்குவது ஒரு வகையில் நல்லது, வாசலிலேயே நகரப் பேருந்து கிடைக்கும்.

ஏ4 என்று எழுதிய பேருந்து. காவோ சான் சாலைப் பக்கம் போகிறது, ஆளுக்கு 50 பாத். ஒரு பாத் 2025 ஆகஸ்ட் நிலவரப்படி ஏறக்குறைய 2 ரூபாய் 70 காசு. அதே தூரத்துக்கு டாக்ஸியில் போனால் இதைப்போலப் பல மடங்கு.

பேருந்து கிளம்பியதும் பின்னாலிருந்து 'டக், டக், டக்' என்று ஒரு சத்தம். கண்டக்டர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் பை இல்லை. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு உருளை, தகரத்தில் செய்தது. அதன் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடித்தான் அந்தச் சத்தம். "டிக்கெட், டிக்கெட்" என்று தொண்டை வறளக் கத்துவதற்குப் பதில் இது. நீளவாக்கில் திறந்தால் உள்ளே ஒரு பக்கம் சில்லறை, இன்னொரு பக்கம் டிக்கெட் சுருள்கள். சுருளை இழுத்து மூடியின் விளிம்பிலேயே கிழித்துக் கொடுக்கிறார்.

சித்தப்பா டிக்கெட்டை வாங்கவில்லை. உருளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா இரண்டு முறை நீட்டிய பிறகு நான் வாங்கிக்கொண்டேன். "எச்சி தொட வேண்டியதில்ல. நோட்டு காத்துல பறக்காது. ஒரு கையால கம்பியப் புடிச்சுக்கலாம். எவன்டா இதக் கண்டுபுடிச்சான்?" என்று ராட்சதம்னோன் சாலை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். அந்தச் சாலை முழுக்க ராஜமாதா சிரிகித்தின் படங்கள், இளநீலத் துணி அலங்காரங்கள். ஆகஸ்ட் 12 அவருடைய பிறந்த நாள், இங்கே அன்னையர் தினமும் அன்றுதான்.

அறை பங்லம்பூ பகுதியில், ஒரு கோயில் மதிலுக்குப் பின்னால் போகிற சந்தில். மின்விசிறி அறை, குளியலறை வெளியே, இரவுக்கு 500 பாத். ஏசி வேண்டுமென்றால் கூடுதலாக 200. சித்தப்பா மின்விசிறி போதும் என்றார். ஆகஸ்ட்டில் இங்கே மழைக்காலம், ஆனால் பகல் புழுக்கம் நம் ஊர் ஐப்பசியைத் தோற்கடிக்கிறது. இரவு ஒரு மணிக்கு இதை எழுதும்போது எனக்கு அந்த 200 பாத் ஞாபகமாகவே இருக்கிறது.

காவோ சான் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. ஒரு காலத்தில் அரிசி மண்டிகள் இருந்த தெரு. இப்போது பாட்டு, பீர், பொரித்த தேள். அப்புறம் பச்சை இலைப் படம் போட்ட கஞ்சாக் கடைகள். 2022-ல் தடையை எடுத்தார்கள். இந்த ஜூனில்தான் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். கடைகள் என்னவோ திறந்துதான் இருக்கின்றன. "நம்ம ஊர்ல இந்தப் படத்த வரைஞ்சாலே உள்ள தூக்கி வெச்சிருவான்" என்றபடி சித்தப்பா வேகமாக நடந்தார்.

வியாழன், ஆகஸ்ட் 7

காலையில் செவன் இலெவன் கடையில் ஒரு பன் வாங்கினோம். சித்தப்பா எப்போதும் தேதி பார்த்துத்தான் சாப்பிடுவார். உறையில் வருடம் 68 என்று போட்டிருந்தது. "1968-லயா சுட்டான்?" தாய்லாந்தில் புத்த ஆண்டுக் கணக்கு. நம்முடையதோடு 543-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும், இது 2568. விளக்கிய பிறகும் அவர் பன்னை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றார்.

குடிநீருக்குச் செலவு செய்யாதீர்கள். சந்து முனைகளில் தண்ணீர் இயந்திரங்கள் இருக்கின்றன. ஒரு பாத் போட்டால் ஒரு லிட்டர். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் கேன் கொண்டு வந்து பிடிக்கிறார்கள், நாங்களும் பிடித்தோம்.

இன்று முழுக்கத் தண்ணீரில்தான். பிரா ஆத்தித் படகுத் துறை அறையிலிருந்து நடக்கிற தூரம். சாவ் ப்ரயா ஆற்றில் படகுகள் பேருந்து மாதிரி ஓடுகின்றன. வால் பக்கம் பறக்கிற கொடியின் நிறத்தை வைத்து எந்தப் படகு என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆரஞ்சுக் கொடி உள்ளூர்க்காரர்களுடையது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாத். துறையிலேயே மேசை போட்டுச் சுற்றுலாப் படகுக்கு டிக்கெட் விற்கிறார்கள். அதுவும் இதே ஆற்றில் இதே துறைகளுக்குத்தான் போகிறது, விலை மட்டும் வேறு. சிரித்துவிட்டுத் தாண்டிப் போய்விடலாம்.

படகில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். உள்ளே டிக்கெட் போடுகிறவர், கையில் அதே தகர உருளை. இன்னொருவர் பின் முனையில் கயிறோடு நிற்கிறார். வாயில் விசில். ஓட்டுபவர் முன்னால் இருக்கிறார், துறையில் படகின் பின்பக்கம்தான் அணைய வேண்டும், அவர் கண்ணுக்கு அது தெரியாது. எல்லாம் விசில்தான். நீளமாக ஒன்று, குட்டிக் குட்டியாக நாலு, அப்புறம் கீச்சென்று ஒன்று. படகு ஒரு சாண் இடைவெளியில் வந்து நிற்கிறது. முழுதாக நிற்பதற்குள் பாதி ஜனம் குதித்து இறங்கிவிடுகிறது.

சித்தப்பாவுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. விசில்காரருக்கு அருகில் போய் நின்றுகொண்டார். நம் ஊரில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போலாம் ரைட். இங்கே அது ஒரு முழுப் பேச்சாக இருக்கிறது. மூன்றாவது துறை வருவதற்குள் சித்தப்பாவுக்குப் பாதி புரிந்துவிட்டது. "இப்ப ரிவர்ஸ் சொல்றான் பாரு" என்றார். ரிவர்ஸ்தான். பின்பக்கத்தில் துறவிகளுக்கென்று தனி இடம் விட்டிருக்கிறார்கள். காவி உடுத்திய ஒரு சிறுவன், பத்து வயதுகூட இருக்காது, அங்கே நின்று செல்போனில் கார் பந்தயம் ஆடிக்கொண்டு வந்தான்.

தா தியென் துறையிலிருந்து அக்கரைக்குப் போக இன்னொரு படகு, 5 பாத். அக்கரையில்தான் வாட் அருண் என்கிற புத்தர் கோயில். கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகளைப் பூக்களாகப் பதித்திருக்கிறார்கள். சீனாவிலிருந்து வந்த கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி வந்த பீங்கான் என்கிறார்கள். உள்ளே போக 200 பாத். சித்தப்பா அண்ணாந்து பார்த்தார். "கோபுர தரிசனம் கோடி புண்ணியம். இங்கேருந்தே நல்லாத் தெரியுது." கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினோம். ஒரு விதத்தில் அவர் சொன்னது சரிதான், அந்தக் கோபுரம் கிட்டத்தில் பார்ப்பதைவிட ஆற்றில் போகும்போது பார்க்கத்தான் அழகு.

மாலையில் சேன் சேப் கால்வாய். இதை எந்தச் சுற்றுலாக் கையேடும் முதல் பக்கத்தில் போடுவதில்லை, போட வேண்டும். வியட்நாம் பக்கம் போருக்குப் படை அனுப்புவதற்காக மூன்றாம் ராமா மன்னர் 1837-ல் வெட்டத் தொடங்கிய கால்வாய். பாங்காக்கின் பல கால்வாய்கள் தூர்க்கப்பட்டுச் சாலைகளாகிவிட்டன, இது தப்பித்தது. 1990-லிருந்து இதில் பயணிகள் படகு ஓடுகிறது. மேலே சாலையில் கார்கள் அசையாமல் நிற்கின்றன. கீழே படகு சீறிக்கொண்டு போகிறது. கட்டணம் தூரத்தைப் பொறுத்து, எங்களுக்கு இருபது பாத்துக்குள் முடிந்தது.

தண்ணீர் கறுப்பு. வாசனை, சரி, அதைப் பற்றி வேண்டாம். எதிர்ப் படகு வரும்போது ஓரத்தில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் திரையைத் தூக்கிக்கொள்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் கயிற்றைத் தேடுவதற்குள் நனைந்துவிடுவார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் போனைப் பார்த்துக்கொண்டே, நிமிராமல், சரியான நொடியில் இழுத்தார். பாலம் தாழ்வாக இருந்தால் கூரையையே இறக்குகிறார்கள், எல்லோரும் குனிகிறார்கள். கண்டக்டர்கள் தலையில் ஹெல்மெட். படகுக்கு வெளியே, ஒரு பாதம் வைக்கிற அகல விளிம்பில், கயிற்றைப் பிடித்து நடந்தபடி டிக்கெட் போடுகிறார்கள்.

"தீபாவளி கூட்டத்துல படிக்கட்டுல தொங்கிட்டு டிக்கெட் போட்டிருக்கேன். கீழ தண்ணி இல்ல, அவ்ளோதான்" என்றார் சித்தப்பா. கொஞ்சம் கழித்து, "இவனுங்களுக்குப் பேட்டா எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். இங்கே வந்ததிலிருந்து இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதிலில்லை.

திரும்பும்போது மழை. அரை மணி நேரம்தான், ஆனால் எங்கள் சந்தில் கணுக்கால் வரை தண்ணீர். கடைக்காரர்கள் யாரும் பதறவில்லை. பொருட்களை ஒரு தட்டு மேலே ஏற்றிவிட்டு நாற்காலியில் கால் தூக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

வெள்ளி, ஆகஸ்ட் 8

ஆடி வெள்ளி. சித்தப்பா செவ்வாய், வெள்ளி கறி மீன் தொடமாட்டார். பாங்காக்கில் அது பெரிய சோதனை. காய் மட்டும் போட்டதாகத் தெரிகிற தட்டிலும் மீன் சாறு இருக்கும். தப்பிக்க ஒரு வழி உண்டு. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து போட்ட சின்னக் கொடியோ பலகையோ தெரிகிறதா என்று பாருங்கள். 'ஜே' உணவு என்பார்கள். சீன பௌத்த வழியில் வந்த சைவம். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டு வெங்காயமும் கிடையாது. நாங்கள் சாப்பிட்ட கடையில் சோற்றின் மேல் இரண்டு கூட்டு வைத்து 40 பாத். டோஃபுவைப் பன்னீர் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, "பால் பழசு" என்றார் சித்தப்பா.

காலையில் நடந்தே பெரிய ஊஞ்சலுக்குப் போனோம். சாலை நடுவில் வானளாவ நிற்கும் சிவப்புத் தேக்குத் தூண்கள். 1784-ல் வைத்தது, இப்போது இருக்கிற மரம் 2007-ல் மாற்றியது. மார்கழித் திருவிழாவில் இதில் ஊஞ்சல் கட்டி ஆட்கள் ஆடுவார்களாம். எதிரே உயரக் கம்பத்தில் தொங்கும் பண முடிப்பைப் பல்லால் கவ்விப் பிடிக்க வேண்டும். 1935-ல் நிறுத்திவிட்டார்கள், அதற்குள் விழுந்து செத்தவர்கள் உண்டு.

அதற்கு அருகிலேயே தேவஸ்தான். அரசவைப் பிராமணர்களின் கோயில், இதுவும் 1784. வெளியே வெள்ளைச் சுவரும் தாய்லாந்துக் கூரையும்தான், நம் ஊர்க் கோயிலின் சாயல் எதுவுமில்லை. உள்ளே சிவன், பிள்ளையார், பெருமாள் மூவருக்கும் தனித்தனிச் சன்னதி. இங்கே ஆண்டு தொடக்கத்தில் நடக்கும் விழாவுக்குத் திரியம்பாவை, திரிபாவை என்று பெயர். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். பல நூறு ஆண்டுகளில் ஓதுகிறவர்களுக்கே பொருள் தெரியாத அளவுக்கு உச்சரிப்பு மாறிவிட்டது, ஆனாலும் விடாமல் ஓதுகிறார்கள். எங்கள் தெருப் பெருமாள் கோயிலில் மார்கழிக் காலையில் ஒலிபெருக்கிக்கு எதிராக மனு எழுதிய ஆள் நான் என்பதை சித்தப்பா அந்த இடத்தில் நினைவுபடுத்தியிருக்க வேண்டாம்.

அப்புறம் படகில் சாத்தோன், அங்கிருந்து நடந்து சீலோம். ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்து மக்கள் 'வாட் கேக்', அதாவது இந்தியர் கோயில், என்றே சொல்கிறார்கள். வங்கிகளும் நட்சத்திர விடுதிகளும் நிற்கிற சாலையில் திடீரென்று வண்ண வண்ண பொம்மைகளோடு நம் ஊர்க் கோபுரம். சித்தப்பா எதுவும் சொல்லாமல் செருப்பைக் கழற்றினார், அதுவும் சாலைக்கு இந்தப் பக்கமே.

நான் எதிர்பார்த்தது தமிழ்க் கூட்டம். உள்ளே பத்தில் ஒன்பது பேர் தாய்லாந்துக்காரர்கள். அலுவலக உடையில் இளம்பெண்கள், கல்லூரி மாணவர்கள், முழுக்கச் சிவப்பு உடுத்திய ஒரு குடும்பம். வாசலில் தட்டுகள் விற்கிறார்கள்: செவ்வந்தி மாலை, இளநீர், வாழைப்பழம், பால். மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி தரையில் படும்படி வணங்குகிறார்கள். குருக்கள் கற்பூரத் தட்டோடு வந்ததும் நாம் செய்கிற மாதிரியே ஒற்றிக்கொள்கிறார்கள். அம்மனை உமா தேவி என்கிறார்கள். நவராத்திரி கடைசி நாளில் சீலோம் சாலையையே அடைத்துத் தேர் இழுப்பார்களாம். உள்ளே படம் எடுக்கக் கூடாது, எடுக்கவில்லை.

குருக்கள் சித்தப்பாவின் வேட்டியைப் பார்த்ததும் "எந்த ஊர்ங்க?" என்றார். அவர் மயிலாடுதுறைப் பக்கம். கூட்டம் நெருக்கியதால் பேச்சு அதிகம் நடக்கவில்லை. சித்தப்பா சித்தி பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, மயிலாடுதுறைக்கு இப்போது எந்தப் பைபாஸ் வழியாக வண்டி போகிறது என்று மட்டும் அவசரமாக அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மாலையில் ராட்சப்ரசோங் நாற்சந்தி. இங்கே ஒவ்வொரு வணிக வளாகத்துக்கும் ஒரு சாமி. ஒன்றின் முன் பிள்ளையார், இன்னொன்றில் இந்திரன், மற்றொன்றின் மாடியில் லட்சுமி, ஒரு விடுதி முன்னால் கருடன் மேல் நாராயணன். எல்லாவற்றிலும் புகழ்பெற்றது எராவன் சன்னதி, நான்முகன். விடுதி கட்டும்போது அடுத்தடுத்து விபத்து நடந்ததால் 1956-ல் வைத்தார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் பணம் கட்டி நடனக்காரர்களை ஆட வைக்கிறார்கள். நாலு முகத்துக்கும் தனித்தனியாக ஊதுவத்தி. "திருப்பட்டூர்ல இவருக்குக் கூட்டம் வர்றதே பெருசு" என்றார் சித்தப்பா. "இங்க பாரு, மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழ வெச்சிருக்கான், பஸ் ஸ்டாப்பும் பக்கத்துல. வராம எங்க போகும்?"

சனி, ஆகஸ்ட் 9

அரண்மனைக்கு 500 பாத். ஆளுக்கு 1,350 ரூபாய். நேற்று இரவு படுக்கப் போகும்வரை இதைப் பற்றித்தான் பேச்சு. தாய்லாந்துக்காரர்களுக்கு இலவசம் என்றதும் சித்தப்பாவுக்குக் கோபம். மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டுக்காரர்களுக்கு 600 என்று நான் சொன்ன பிறகு கோபம் தணிந்தது. "அப்ப நாயந்தான்."

மதிலை ஒட்டி நடக்கும்போது இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர், நல்ல ஆங்கிலத்தில், அரண்மனை இன்று மதியம் வரை மூடியிருக்கிறது, பூஜை நடக்கிறது, அதுவரை வேறு கோயில்களைப் பார்க்க 20 பாத்துக்கு டுக்-டுக் பிடித்துத் தருகிறேன் என்றார். இது பாங்காக்கின் மிகப் பழைய வித்தை. டுக்-டுக் கடைசியில் நகைக்கல் கடையிலோ தையற்கடையிலோ போய் நிற்கும். நான் மறுப்பதற்கு முன் சித்தப்பா தமிழிலேயே, "இருபது பாத்துக்கு அவன் டீசலே போட முடியாது, எவன் குடுக்கிறான் மிச்சத்த?" என்றார். அந்த மனிதருக்கு எதுவும் புரியாவிட்டாலும் குரல் புரிந்திருக்க வேண்டும், நகர்ந்துவிட்டார். அரண்மனை திறந்துதான் இருந்தது. கால் தெரிகிற உடையில் வந்தவர்களை வாசலில் நிறுத்தினார்கள். எதிர்ச் சாரியில் யானைப் படம் போட்ட கால்சட்டை வியாபாரம் ஜோராக நடக்கிறது. வேட்டிக்குத் தடையில்லை.

உள்ளே தங்கம், கண்ணாடி, கூட்டம், வெயில். மரகத புத்தர் கோயிலில் புத்தர் சிலை நினைத்ததைவிடச் சிறியது, 66 சென்டிமீட்டர். ஆண்டுக்கு மூன்று முறை, பருவம் மாறும்போது மன்னர் சிலைக்கு உடை மாற்றுவார். இப்போது புத்தர் மழைக்கால உடையில் இருக்கிறார்.

500 பாத்தும் எனக்குச் செரித்தது பிராகாரச் சுவர்களில்தான். ராமகியென், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 ஓவியங்களாகச் சுற்றி வருகிறது. கூட்டம் கோயிலுக்குள் முண்டியடிக்கிறது, பிராகாரத்தில் நிழலும் இடமும் இருக்கிறது. சித்தப்பா சின்ன வயதில் ஊரில் விடிய விடிய ராமாயணக் கூத்து பார்த்து வளர்ந்தவர். ராவணனைப் பச்சை முகத்தை வைத்துக் கண்டுபிடித்தார். வெள்ளைக் குரங்கு அனுமன் என்றதும் கும்பிட்டார். படையே அனுமனின் உடல் மேல் ஏறிப் போகிற படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றோம்.

சிக்கல் வந்தது கடல்கன்னியிடம். ராமகியெனில் சேதுவைக் கட்ட விடாமல் கல்லைத் தூக்கிக்கொண்டு போகிற மீன் படைக்குத் தலைவி சுவர்ணமச்சா, ராவணன் மகள். அனுமன் அவளைப் பிடிக்கப் போய்க் காதலாகி, மச்சானு என்று ஒரு மகனும் பிறக்கிறான். இங்கத்து அனுமன் இப்படிப் பல பெண்களிடம் மனதைப் பறிகொடுத்தவர். சொன்னேன். சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆஞ்சநேயர் பிரம்மச்சாரிடா." இங்கே அப்படி இல்லை சித்தப்பா என்றேன். அடுத்த நாலைந்து ஓவியங்களுக்கு அவர் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே, "பையன் எந்தப் பக்கம் சண்டை போட்டான்?" என்று கேட்டார். அப்பா யாரென்று தெரியாமல் அனுமனோடேயே மோதுவான் என்றேன். "அது சரி, அதான் நடக்கும்" என்று ஆறுதல் அடைந்தார்.

மாலையில் யாவராட், சீனர்கள் வாழும் பகுதி. நெரிசல், புகை, தங்கக் கடைகள், நெருப்பில் தாளிக்கிற சட்டிகள். நண்டு, இறால், பன்றி என்று ஊரே வரிசையில் நிற்கிறது. சனிக்கிழமை ஆனதால் சித்தப்பா மீன் சாப்பிட்டார். கடைசியில் ஒரு வண்டியில் ரொட்டி. நம் பரோட்டா மாவுதான், அதே வீச்சு, அதே எண்ணெய். உள்ளே வாழைப்பழமும் முட்டையும் வைத்து மடித்து, மேலே கண்டன்ஸ்டு மில்க் ஊற்றுகிறார்கள். "சால்னா இல்லையா?" என்று சித்தப்பா சைகையில் கேட்டார். கடைக்காரர் சர்க்கரையைத் தூவினார்.

ஞாயிறு, ஆகஸ்ட் 10

சாத்துசாக் வாரச் சந்தைக்கு மெட்ரோவில் போகலாம், குளிராக இருக்கும். நாங்கள் சிவப்பு பஸ்ஸில் போனோம். 8 பாத். நாங்கள் போனதில் இதைவிட மலிவான சவாரி அந்த 5 பாத் படகுதான். ஏசி கிடையாது, மேலே சுற்றுகிற சின்ன மின்விசிறி, திறந்த ஜன்னல், பலகை அடித்த தரை. நீல நிற மின்சாரப் பேருந்துகள் வர வர இவை குறைந்துகொண்டிருக்கின்றன. அதில் 15 பாத்திலிருந்து 25 வரை. ஓட்டுநரும் பெண், கண்டக்டரும் பெண். சிக்னலில் எங்கள் பஸ் நின்ற நேரத்தில் ஓட்டுநர் ஒரு கொய்யாவை முழுதாக உப்பு மிளகாய் தொட்டுச் சாப்பிட்டு முடித்தார்.

பஸ் காலியாக இருந்தது. சித்தப்பா தன் பர்ஸிலிருந்து போக்குவரத்துக் கழக அடையாள அட்டையை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார். ஓய்வு பெற்ற பிறகும் அதைப் பர்ஸில் வைத்திருப்பது எனக்கே இன்றுதான் தெரியும். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அட்டையில் காக்கிச் சட்டைப் படம் இருந்தது. உருளையைத் தட்டிக் காட்டி, அவரைக் காட்டி, நீயுமா என்பது போலக் கேட்டார். சித்தப்பா தலையாட்டினார். அவ்வளவுதான், அந்த அம்மா ஓட்டுநரிடம் கத்திச் சொல்ல, ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கையைத் தூக்கினார். உருளையை சித்தப்பா கையில் கொடுத்தார். ஒரே கையால் திறந்து மூடி அந்த 'டக் டக்' வரவைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்ததும் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைத் திறக்காமலேயே சில்லறையை எடுத்து நீட்டினார். டிக்கெட் பணம் எட்டு எட்டு பதினாறு பாத்தையும் வாங்கிக்கொண்டுதான் எங்களை இறக்கிவிட்டார்கள். "வாங்கித்தான் ஆகணும். செக்கிங் வந்தா அவ பதில் சொல்லணும்ல" என்றார் சித்தப்பா.

சாத்துசாக்கில் பதினைந்தாயிரத்துக்கு மேல் கடைகள் என்கிறார்கள். நாங்கள் முப்பது பார்த்திருப்போம். அந்த உருளையைத் தேடினோம், பழம்பொருள் வரிசையில்கூட இல்லை. சித்திக்கு ஒரு பை, அவ்வளவுதான்.

அங்கிருந்து ஹுவா லம்போங் ரயில் நிலையம். 1916-ல் திறந்தது, வளைந்த பெரிய கூரை, வண்ணக் கண்ணாடி. 2023 ஜனவரியில் நெடுந்தூர ரயில்களைப் புது நிலையத்துக்கு மாற்றிய பிறகு இங்கே சாதாரண ரயில்கள்தான். கூட்டமில்லாத கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாலை ஆறு மணிக்கு தேசிய கீதம் ஒலித்தது. பெட்டி இழுத்துப் போனவர், ஐஸ் காபி உறிஞ்சிய பெண், துடைப்பத்தோடு இருந்தவர், எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நாங்களும் எழுந்து நின்றோம். முடிந்ததும் துடைப்பம் நகர ஆரம்பித்தது.

நாளைக் காலை ரயிலில் மூன்றாம் வகுப்பில் பழைய தலைநகரான அயுத்தயா. முன்பதிவு கிடையாது, ஏறும்போது கவுண்டரில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வருவாரா, வந்தால் கையில் என்ன வைத்திருப்பார் என்று சித்தப்பா இப்போதே கேட்கிறார். ஐந்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.